புதுப்பிப்பு: அம்மாவின் மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் இப்போது சட்டென்று திறக்கிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: வெள்ளவத்தை வீட்டில் அம்மா பாவிக்கும் பழைய மடிக்கணினியில், உபுண்டு 22.04 இயங்குதளத்தில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முதல் தடவை திறக்க முக்கால் நிமிடம் எடுக்கிறது என்று. பிரச்சினை தீர்ந்தது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

அதில் இருந்த ஃபயர்ஃபாக்ஸ் ஒரு ஸ்னாப் பொதி, அதாவது செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும் பொதி வகை. சுருக்கிய கோப்பாகவே வட்டில் இருப்பதால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரிந்து வர நேரம் எடுக்கிறது. அதை நீக்கிவிட்டு ஆப்ட் என்ற வழக்கமான நிறுவல் கருவி வழியாக நிறுவினேன். மறுபடியும் ஸ்னாப்பே வந்து உட்கார்ந்தது! 22.04-இன் களஞ்சியத்தில் (ஆப்ட் மென்பொருளை எடுக்கும் இடத்தில்) ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் இருப்பது ஸ்னாப்பைக் கொண்டுவரும் வெறும் இணைப்புப் பொதிதான். ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தையும், அதன் பொதிகளைச் சரிபார்க்கும் சாவியையும் சேர்த்து, உபுண்டுவின் பொதியை விட்டு அதையே ஆப்ட் எடுக்கும்படி அதற்கு முன்னுரிமை 1000 கொடுத்த பிறகுதான் சரிவந்தது. இந்த முன்னுரிமையைத் தயவுசெய்து மறக்காதீர்கள். எனக்கு ஒரு முழு மாலை அதிலேயே போனது.

இன்னொன்று, ஸ்னாப்பை நீக்கும் முன் அம்மாவின் புக்மார்க்குகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தேன். ஸ்னாப் தன் தரவை வீட்டு அடைவில் ஸ்னாப் என்ற தனி அடைவுக்குள் வைக்கிறது, புதிய நிறுவல் அங்கே தேடாது.

அப்புறம் தமிழ் மொழிப் பொதியையும் போட்டேன். மெனு தமிழில் வந்ததும் அம்மா ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். இப்போது பத்து விநாடிக்குள் திறக்கிறது.