38,000 ரூபாவுக்கு எஞ்சின் சுத்திகரிப்பு: பெற்றோல் செலவு உண்மையில் குறையுமா?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2008 ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ ஒன்று இருக்கிறது. 1500 சிசி, சி.வி.டி. கியர், இதுவரை 162,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் ஓடிய தூரத்தை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தக் கொப்பியின்படி லீற்றருக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த கார், கடந்த மூன்று மாதங்களாக 8.5 கிலோமீற்றர்தான் ஓடுகிறது.

நான் வழக்கமாகப் போகும் கராஜில் காட்டியபோது, எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் (பெற்றோலைப் பீச்சும் குழல்) கழுவுதல், த்ரொட்டில் பொடி (எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்) சுத்தம் செய்தல், நான்கு புதிய பிளக்குகள் எல்லாம் சேர்த்து 38,000 ரூபா என்றும், அதன் பின் லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் கூடும் என்றும் சொன்னார்கள். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. இழுவையிலும் பெரிய குறை தெரியவில்லை. வாரத்துக்கு 130 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறேன். பெரும்பாலும் வெள்ளவத்தைக்கும் மருதானைக்கும் இடையில்தான். இந்தச் செலவைச் செய்து பயன் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனைக் குமரன் எழுதியது:

அவ்வளவு செலவு எதற்கு? 92 ஐ விட்டுவிட்டு 95 ஒக்டேன் அடியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாங்கியில் ஒரு போத்தல் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றுங்கள். நான் ஐந்து வருடங்களாக அப்படித்தான் செய்கிறேன், வாகனம் பட்டுப்போல ஓடுகிறது.

பழைய கராஜ்காரன் எழுதியது:

வெள்ளவத்தைத் தம்பிக்கு,

பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் எஞ்சின் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருப்பவன் நான். நீங்கள் சொல்லும் அந்தப் பக்கேஜை நானும் விற்றிருக்கிறேன் என்பதால், அந்தப் பாவம் கழியட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார்புரேட்டர் காலத்தில் டியூனப், அதாவது எஞ்சினைச் சீராக்கும் வேலை, என்பதற்கு உண்மையான பொருள் இருந்தது. காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவு ஒரு திருகாணியில் தங்கியிருந்தது. பிளக்குக்குப் பொறி தரும் பொயிண்ட் தேயும், பொறி விழும் டைமிங் விலகும், ஃபில்டர் அடைத்தால் பெற்றோல் கூடிக் கலவை தடிக்கும். இவற்றைச் சரிசெய்தாலே வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியும். உங்கள் அக்ஸியோவில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. உள்ளே போகும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர், எரிந்து முடிந்த வாயுவைப் பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதத்துக்குக் கணினியைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே த்ரொட்டில் பொடியில் கறுப்புப் படிந்து காற்று குறைந்தால் பெற்றோலும் அதே அளவில் குறையும். நீங்கள் பெடலைச் சற்றுக் கூடுதலாக மிதிப்பீர்கள், அவ்வளவுதான். சுத்தம் செய்தால் ஐட்லிங் சீராகும், சிக்னலில் நிற்கும்போது நடுக்கம் குறையும். அது நல்ல வேலைதான். ஆனால் அதனால் மூன்று கிலோமீற்றர் கூடாது. ஏர் ஃபில்டருக்கும் இதே நியாயம் பொருந்தும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் அடைத்த ஃபில்டர்களைப் பூட்டிச் சோதித்தபோது, இன்ஜெக்ஷன் கார்களில் இழுவை குறைந்ததே தவிர, எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

எஞ்சின் ஃபிளஷ் என்பது ஒயிலில் படிந்த கசடைக் கரைக்கும் திரவம். அதற்கும் பெற்றோல் செலவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மேலும், பல வருடங்களாக ஒயில் ஒழுங்காக மாற்றப்படாத எஞ்சினில் அதை ஊற்றினால், கழன்றுவரும் கசடு கீழே உள்ள வடிகட்டியை அடைத்து ஒயில் அழுத்தத்தையே குறைத்துவிடக்கூடும்.

அப்படியானால் டியூனப் முழுவதும் வீணா என்றால், இல்லை. அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வெளியிடும் வழிகாட்டலில், வெளிப்படையாகக் கோளாறுள்ள அல்லது புகைப் பரிசோதனையில் தவறிய காரைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மிச்சமாகும் என்றும், ஒட்சிசன் சென்சர் பழுதானது போன்ற கடுமையான குறையைத் திருத்தினால் 40 சதவீதம் வரை கூடலாம் என்றும் இருக்கிறது. இரண்டும் பழுதுபட்ட காருக்குரிய கணக்குகள் என்பதைக் கவனியுங்கள். நல்ல எஞ்சினைக் கழுவி, அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் ஓடியதைவிடக் கூடுதலாக ஓடவைக்க யாராலும் முடியாது. இழந்ததை மீட்கலாம், அதற்கு எங்கே இழக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுத்த புகைப் பரிசோதனை அறிக்கையில் காபனோரொட்சைட்டின் அளவு சென்ற வருடத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால், பெற்றோல் முழுமையாக எரியாமல் போகிறது என்று பொருள். அடுத்ததாக, ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் உள்ள பீங்கான் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக எரிகிறது. அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பாக இருந்தால் கலவை தடித்திருக்கிறது. ஈரமாக மினுங்கினால் ஒயில் எரிகிறது, அதற்குக் கழுவுதல் மருந்தல்ல. மூன்றாவதாக, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைப் பூட்டி ஓடும்போது எஞ்சின் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நமது ஊரில் சிலர் சூடு ஏறும் என்று பயந்து, எஞ்சின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன் பிறகு கட்டுநாயக்கப் பாதையில் ஓடும்போது எஞ்சின் 80 பாகையை எட்டாமலே இருக்கும். கணினி அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். எச்சரிக்கை விளக்கு எரியாமலே இப்படி மாதக்கணக்கில் செலவான கார்களைக் கண்டிருக்கிறேன்.

இவை மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சினை விட்டுவிட்டுச் சில்லுகளுக்கு வாருங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்திவிட்டு, முன்சில்லுகள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. சமதரையில் நியூட்ரலில் விட்டால், ஒருவர் தள்ள கார் நகர வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கும் ஒரு சொல். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென வடிவமைத்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவதால் தட்டும் சத்தம் கேட்கிறவர்களுக்கு வேண்டுமானால் நன்மை இருக்கலாம்; மற்றவர்களுக்குச் செலவு மட்டும்தான் கூடும். பொலிஈதரமைன் கலந்த கிளீனர் இன்ஜெக்டர் படிவைக் கரைக்கும் என்பது உண்மை. படிவு இருந்தால் கரைக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் ஓட்டத்தில் என்ன மாறியது?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். மூன்று மாதங்களுக்கு முன் மகள் பம்பலப்பிட்டியில் மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். வாரத்தில் மூன்று நாட்கள், ஏறத்தாழ முக்கால் மணிநேரம், ஏ.சி.யைப் போட்டபடி வீதியோரத்தில் காத்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தெஹிவளை ஆசிரியை எழுதியது:

அப்படியானால் தம்பி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 130 கிலோமீற்றருக்கு, லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடினால் 11.8 லீற்றர் வேண்டும், 8.5 ஓடினால் 15.3 லீற்றர் வேண்டும். வாரத்துக்கு மூன்றரை லீற்றர் கூடுதலாகப் போகிறது. இந்த அளவு எஞ்சின் ஏ.சி.யுடன் நின்ற இடத்தில் ஓடினால், மணிக்கு ஒரு லீற்றரை ஒட்டிச் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் காத்திருப்பது வாரத்துக்கு இரண்டேகால் மணிநேரம். ஆகவே அந்த மூன்றரையில் இரண்டு லீற்றர் அளவு வகுப்பு வாசலிலேயே போய்விடுகிறது; எஞ்சியிருக்கும் ஒன்றரை லீற்றருக்குத்தான் ஐயா சொன்ன குறைகளைத் தேட வேண்டும்.

டயர் காற்றையும் பாருங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) குறைந்தால் 0.2 சதவீதம்தான் இழப்பு. அளக்கும் முறையும் முக்கியம். ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், நொசில் முதல் தடவை தானாக நிற்கும் வரை அடித்து, குறைந்தது மூன்று நிரப்பல்களைச் சேர்த்துப் பாருங்கள். 30 லீற்றர் நிரப்பலில் நொசில் ஒன்றரை லீற்றர் முன்பின் நின்றாலே 5 சதவீதப் பிழை வந்துவிடும்.

ராஜகிரியச் சாரதி எழுதியது:

ஐயாவின் கருத்தை மறுக்கவில்லை, ஆனால் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். நேரடி இன்ஜெக்ஷன் வகையில் பெற்றோல் சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகு பெற்றோலால் கழுவப்படுவதில்லை. ஒயில் ஆவி அங்கே கரியாகப் படிகிறது. என் காரில் 90,000 கிலோமீற்றரில் காற்று போகும் மெனிஃபோல்டைக் கழற்றியபோது, வால்வின் தண்டைச் சுற்றிக் கருகிய பாண் துண்டு போலக் கரி ஒட்டியிருந்தது. அக்ரூட் கொட்டை ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றால் அடித்துத்தான் அகற்றினார்கள். அதன் பின் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இருந்த தடுமாற்றம் போய்விட்டது, செலவும் சற்றுக் குறைந்தது. தாங்கியில் ஊற்றும் எந்தப் போத்தலும் அந்த இடத்தைத் தொடாது.

பழைய கராஜ்காரன் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அது உங்கள் வகை எஞ்சினுக்குரிய வியாதி. அக்ஸியோவின் 1என்இசட் எஞ்சினில் பெற்றோல் வால்வின் மேலேயே பீச்சப்படுகிறது, ஆகவே அங்கே இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

சுத்திகரிப்புக்குப் பிறகு கூடியது என்று பலர் சத்தியம் செய்வதற்கும் காரணம் சொல்கிறேன். கராஜிலிருந்து வெளியே விடும்போது டயருக்குக் காற்று அடித்து, புதிய ஒயிலும் மாற்றி விடுவோம். வாடிக்கையாளரும் பணம் கொடுத்த கவனத்தில் ஒரு வாரம் மெதுவாக ஓட்டுவார். பெயர் மட்டும் திரவத்துக்குப் போய்விடும்.

வெள்ளவத்தை வாசி எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

அனைவருக்கும் நன்றி; நடந்ததை எழுதுகிறேன். புகைப் பரிசோதனை அறிக்கையில் மாற்றம் இல்லை, பிளக்குகள் ஐயா சொன்ன அதே பால்தேநீர் நிறத்தில் இருந்தன, தெர்மோஸ்டாட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் இடது முன்சில்லின் அருகில் கையை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தபோது, பிரேக்கைப் பிடிக்கும் காலிபர் நகரும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருந்தது. உட்பக்கத்துப் பிரேக் பாட் தகடு வரை தேய்ந்திருந்தது. இத்தனை வருடங்களில் அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கச் சொன்னதில்லை, குற்றம் என்னுடையதே. டயர் இரண்டில் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 24 தான் இருந்தது.

பாட், ஊசி, கூலி எல்லாம் சேர்த்து 38,000 இல் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. வகுப்பு நாட்களில் இப்போது காரை நிறுத்திவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். ஒரே செட்டில் மூன்று முறை நிரப்பிப் பார்த்ததில் சராசரி 10.6 வருகிறது. நான்கு பிளக்குகளையும் துடைத்து அப்படியே திரும்பப் பூட்டியிருக்கிறோம்.