பொருள்: ஹைட்ராலிக் லாக் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். நினைவு விமானக் காட்சிகளில் பறக்கும் பழைய போர்விமானங்களின் பராமரிப்பு பற்றிய கட்டுரைக்கு இச்சொல் வேண்டும். "நீரியல் பூட்டு" எனக்கு ஒப்பவில்லை. சக்கரத்தை மடக்கிப் பூட்டும் பாகம் என்று யாரும் படித்துவிடுவார்கள்.

ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானத்தின் வாஸ்ப் எஞ்சினில் 9 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. விமானம் சும்மா நிற்கும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழ்ச் சிலிண்டர்களின் எரியறைக்குள் எண்ணெய் இறங்கும். பிஸ்டன் அந்த அறையைக் குறுக்கும்போது கடைசியில் மிஞ்சுவது சுமார் அரை லிட்டர் இடம். எண்ணெய் அதை நிரப்பிவிட்டால் பிஸ்டனுக்குப் போக்கிடமில்லை; ஸ்டார்ட்டரின் வேகத்தில், பிஸ்டனைச் சுழல்தண்டோடு சேர்க்கும் இணைப்புத் தண்டு வளையும். இதுதான் ஹைட்ராலிக் லாக்.

—

> "நீரியல் பூட்டு" எனக்கு ஒப்பவில்லை

"எண்ணெய் அடைப்பு" போதாதா? மெக்கானிக்குக்கு உடனே புரியும்.

—

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். அடைப்பு என்றால் எண்ணெய் வராத நிலை. இங்கே வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. தவிர, ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோலை அதிகமாகச் செலுத்தினாலும் இதே கதிதான். அதனால் "எண்ணெய்" வேண்டாம். "நீர்ம முட்டு" என்கிறேன்.

வினையாகவும் வளையும் சொல் தேவை, ஏனென்றால் சோதனையே கையால் உணர்வதுதான். மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) சுவிட்சுகளை அணைத்து, விமானத்தின் முன்விசிறியை ஓடும் திசையிலேயே மெதுவாகத் தள்ள வேண்டும். ஹார்வர்டில் விசிறியின் வேகத்தைக் குறைக்கும் பல்லிணைக் குறைப்பு இல்லை; எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே விசிறியும் சுற்றும். இரண்டு இதழ் விசிறியில் 4 இதழ் கடந்தால், அதாவது இரண்டு சுற்றில், எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அழுத்தத்துக்கு வந்துவிடும். டகோட்டா போக்குவரத்து விமானத்தில் குறைப்பு 16:9 (எஞ்சின் 16 சுற்றினால் விசிறி 9 சுற்றும்), மூன்று இதழ்; கணக்குப்படி அங்கும் 4 போதும், நடைமுறையில் கூடுதலாகவே சுற்றுவார்கள். வழக்கமான அழுத்தம் மெத்தென்று எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்கும். முட்டினால் சுவர்போல் நிற்கும்.

அப்போது பலம் காட்டக்கூடாது. பின்பக்கம் சுற்றுவது அதைவிட மோசம்: திறந்த வால்வு வழியே எண்ணெய் உள்ளிழு குழாய்க்குப் போய், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மறுபடி உறிஞ்சப்படும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிப்பதே வழி. லேசாக வளைந்த தண்டு அன்றைக்கு ஓடும். பிறகு ஒருநாள் கூட்டத்தின் தலைக்குமேல் முறியும்.

—

ஒரு தடை. சக்கரத்துக்கு வைப்பதை முட்டுக்கட்டை என்கிறோமே? "முட்டு பார்த்தாயா?" என்று களத்தில் கத்தினால் ஒருவர் சக்கரத்துக்கு ஓடுவார்.

அப்புறம், சிலிண்டர்கள் வட்டமாக நிற்பது ஆரை எஞ்சின்தானே; "ஆரை எஞ்சின் முட்டு" என்று குறுக்கலாமா?

—

குறுக்க வேண்டாம். டைகர் மாத் பயிற்சி விமானத்தின் ஜிப்சி மேஜர் ஆரை எஞ்சின் அல்ல. நாலு சிலிண்டரும் வரிசையாகத் தலைகீழாகத் தொங்குகின்றன, அதற்கும் இது வரும். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பதால் எண்ணெய் இப்படித் தேங்குவதில்லை.

தடை நியாயமானது. சக்கரத்துக்கு "சக்கரக்கட்டை", எஞ்சினுக்கு "நீர்ம முட்டு" என எப்போதும் முழுதாக எழுதுவோம். சரிபார்ப்புப் பட்டியலில்: "சக்கரக்கட்டை வை. மேக்னெட்டோ அணை. நீர்ம முட்டுச் சோதனை: கையால், முன்திசையில். முட்டினால் நிறுத்து, பிளக் கழற்று."