ஏரிக்கரை வீடு, இரண்டு நாய்கள், 21 நாள்: இது தங்கலா, வேலையா?

கரைவாசி:
மூன்று வாரம் ஒரு ஏரிக்கரை வீட்டைப் பார்த்துக்கொண்டுவிட்டு நேற்றுதான் திரும்பினேன். ஹவுஸ் சிட்டிங் தளம் ஒன்றின் மூலம் கிடைத்த இடம். வீட்டுக்காரரும் நானும் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். எங்களுக்குள் பணம் கைமாறாது. அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது நான் வளர்ப்புப் பிராணிகளையும் வீட்டையும் கவனிப்பேன், அதற்கு ஈடாகத் தங்கிக்கொள்ளலாம்.

விளம்பரப் படத்தில் இருந்தது படகுத்துறையும் மாலை வெளிச்சமும். அங்கே போனதும் கிடைத்தது 13 வயது நாய் ஒன்று, இரண்டு வயது லாப்ரடார் ஒன்று. கிழவருக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு மாத்திரை, மாலை ஐந்தரைக்கு ஒன்று. இளையவன் தினமும் ஏரியில் நீந்திப் பழகியவன். ஆறாம் நாள் கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படலம் மிதந்தது. நாய்க்கு நஞ்சாகக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்குமோ என்ற பயத்தில் அன்றே அவனைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்தேன். மீதி நாட்கள் முழுக்கப் பெல்ட்தான். கதவருகே படுத்து அவன் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. நாய்களை விட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் வெளியே போகவில்லை.

என் கருத்து இதுதான்: தண்ணீரை ஒட்டிய வீடு, மருந்து சாப்பிடும் பிராணி, இவை இருந்தால் வீட்டுக்காரர் பணம் தர வேண்டும்.

பூனைத்தோழி:
ஐந்து ஆண்டாக இப்படித்தான் தங்குகிறேன், உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பணம் வந்தவுடன் உறவே மாறிவிடும். இப்போது வீட்டுக்காரர் என்னைத் தன் வீட்டில் ஒருத்தியாக விட்டுப் போகிறார். அலமாரியைத் திறக்கலாம், தோட்டத்தில் பறிக்கலாம், வேண்டிய இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நாளுக்கு இவ்வளவு என்று வாங்கினால், வந்ததும் அவர் தரையைத்தான் முதலில் பார்ப்பார். மூன்று வாரம் ஏரிக்கரையில் வாடகை கொடுத்துத் தங்கினால் எவ்வளவு ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மாத்திரை நேரம் விளம்பரத்தில் இருந்ததா இல்லையா? இருந்தது என்றால் நீங்கள் படித்துத்தானே ஒப்புக்கொண்டீர்கள்?

கரைவாசி:
மாத்திரை இருந்தது. பாசி பற்றி ஒரு வரிகூட இல்லை.

கணக்குப்பிள்ளை:
தோழி, வாடகைக் கணக்கை எடுத்தது நீங்கள்தான், அதனால் நானும் கணக்கே சொல்கிறேன். நாளுக்கு நாலு மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் 21 நாளுக்கு 84 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல். இரண்டு நாய்களையும் விடுதியில் விட்டிருந்தால் வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டிய தொகை அப்படியே மிச்சம். பல வீட்டுக் காப்பீடுகளில் 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் பூட்டியிருந்தால் பாதுகாப்புக் குறையும். நீண்ட பயணம் போகிறவருக்கு அந்தக் கவலையும் தீர்கிறது. தளத்துக்குச் சந்தா, வீட்டுக்காரருக்கு மிச்சம், உழைத்தவருக்கு மட்டும் "அனுபவம்" என்றால் எனக்கு ஏற்கவில்லை.

இன்னொன்று. 2022இல் ஆஸ்திரேலியப் பயணி ஒருவர் கனடாவில் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பினார். வழியில் லாஸ் ஏஞ்சலஸில் விசாரித்த அதிகாரிகள் அதை வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பணம் வாங்காத போதே அப்படி. எல்லையில் வேலையாகத் தெரிவது நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

பூனைத்தோழி:
அந்தச் செய்தி என் பக்கம்தான் பேசுகிறது. பணமில்லாமலே இந்தக் கெடுபிடி. பணம் வாங்கினால் வேலை அனுமதி இல்லாமல் எந்த நாட்டுக்கும் போக முடியாது. சொந்த ஊர்க்காரர்கள் மட்டுமே சிட்டிங் செய்யும் நிலை வரும்.

நங்கூரம்:
நான் இரண்டு முறை படகு வீட்டில் தங்கியிருக்கிறேன். ஒன்று கடல் ஏறி வற்றும் இடம். கயிற்றை நிலையான கல்சுவரில் கட்டியிருந்தார்கள். முதல் இரவு படகு ஆடக்கூடாது என்று நானே இறுக்கிக் கட்டினேன். நல்லவேளை, பக்கத்துப் படகுக்காரர் பார்த்துவிட்டார். தண்ணீர் வற்றும்போது இறுகிய கயிற்றில் படகு சாய்ந்து தொங்கும் என்று விளக்கி, அவரே தளர்த்தி நீளமாகக் கட்டித் தந்தார். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப் ஓடுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரர் விட்டுப்போன நான்கு பக்கக் குறிப்பில் பூனைக்கு எந்தக் கிண்ணம் பிடிக்கும் என்பதுவரை இருந்தது, கயிறு இல்லை. அவருக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிய விஷயம், எழுதத் தோன்றவில்லை.

எனக்கு அன்று பணம் கொடுத்திருந்தாலும் படகு சாய்ந்துதான் இருக்கும். எனவே கரைவாசி, உங்கள் குறை கூலியில் இல்லை என்று நினைக்கிறேன். தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரர் அரை நாள் உங்களோடு நின்று சொல்லித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

திண்ணை:
நான் வீட்டுக்காரர் பக்கம். என் பூனைக்குச் சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு ஒரு இன்சுலின் ஊசி. இலவசமாக ஆள் தேடியதே இல்லை, பணம் கொடுத்துத்தான் வைக்கிறேன். பணம் கொடுத்தால்தான் "எட்டு மணிக்கு வீட்டில் இருங்கள்" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. விடுமுறைக்கு வந்தவரிடம் அதை எப்படிக் கேட்பது?

பூனைத்தோழி:
உங்கள் நிலை புரிகிறது, ஊசி போடும் பூனை என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் விடுமுறைக்கு வந்தவர் அசட்டையாக இருப்பார் என்பதை ஒப்ப மாட்டேன். ஒரு வீட்டில் ஆண் பூனை மணல்தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்தது, ஒரு சொட்டு வரவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஓரிரு நாள் விட்டால் உயிர் போகும். யாரும் எனக்குக் கூலி தரவில்லை. தந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் செய்தது பெரிய காரியம். அதனால்தான் சொல்கிறேன், அந்த இரவுக்கு ஒரு மதிப்பு உண்டு.

கரைவாசி:
நங்கூரம் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். பாதி சரி. வெயில் காலத்தில் அந்த ஏரியில் படலம் வருவது வீட்டுக்காரருக்குத் தெரியும், போனில் கேட்டபோது "ஆமாம், சில ஆண்டு வரும்" என்றார். ஆனால் எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்த 15 நாள் காவலை நான்தான் இருந்திருக்க வேண்டும். அது நச்சுள்ள படலமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நச்சு என்றால், நீந்திவிட்டு ரோமத்தை நக்கினாலே சில மணி நேரத்தில் நாய் செத்துப்போகலாம், முறிவு மருந்தும் கிடையாது. அந்தப் பயத்தோடு தூங்குவது தங்கல் ஆகாது. கூலி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

அடுத்த ஆண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். லாப்ரடார் முகத்தை நினைத்தால் மறுக்க மனம் வரவில்லை. கேட்கப்போவது மூன்று: நாளுக்கு ஒரு தொகை, கிளம்பும் முன் ஒரு நாள் சேர்ந்து தங்கல், அவனுக்கு உயிர்காப்பு அங்கி. நங்கூரம், அங்கியில் என்ன பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும்?

நங்கூரம்:
முதுகில் உறுதியான கைப்பிடி. படகுத்துறையிலிருந்து விழுந்தால் அதைப் பிடித்துத்தான் தூக்க முடியும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், எடையை மட்டும் பார்த்து வாங்கினால் கழன்று வரும். கிழவருக்கும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். படகுத்துறையில் கால் வழுக்குவது பெரும்பாலும் வயதான நாய்களுக்குத்தான்.

கரைவாசி:
கிழவரை நான் யோசிக்கவே இல்லை. இரண்டாக எழுதிவிடுகிறேன்.