கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆங்கில வினைச்சொற்களைப் பழகுவது பற்றி

நிரந்தரக் குடியிருப்பு அனுமதியுடன் கனடாவுக்கு வந்தவர்களும், அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் மத்திய அரசின் செலவில் நடக்கும் லிங்க் (LINC) ஆங்கில வகுப்புகளில் கட்டணமின்றிச் சேரலாம் என்பது பலருக்குத் தெரியும். குடியுரிமை கிடைத்தபின் அந்த வாய்ப்பு போய்விடும் என்பதைத்தான் பலர் காலந்தாழ்த்தி அறிகிறார்கள். (ஒன்டாரியோவில் பள்ளி வாரியங்கள் நடத்தும் இஎஸ்எல் எனப்படும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகளில் குடியுரிமை பெற்றவர்களும் சேரலாம்.) ஆகவே வந்த புதிதிலேயே, லிங்க் வகுப்பில் சேருவதற்கான மொழி மதிப்பீட்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, பேசுவதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் சிஎல்பி எனப்படும் கனடிய மொழி அளவுகோலின் 4ஆம் நிலையை எட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். லிங்க் வகுப்பில் அந்த நிலையை முடித்த சான்றிதழ் அதற்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

வகுப்பில் இடம் கிடைக்கும்வரை நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது, பள்ளியில் ஒப்பித்த ‘கோ, வென்ட், கான்’ அட்டவணையைத் திரும்பவும் மனப்பாடம் செய்வதுதான். அதில் தவறில்லை என்றாலும், அட்டவணையைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்களே கிளினிக்கில் ‘ஐ டிடின்ட் வென்ட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வடிவங்கள் தெரிவது வேறு; எந்த இடத்தில் எது வரும் என்பது வேறு. இதில் நமக்குத் தமிழே கைகொடுக்கும். ‘போகவில்லை’ என்பதில் ‘போக’ என்ற பகுதி காலம் காட்டுவதில்லை. அதே போல ‘டிடின்ட்’ வந்தபின் காலத்தை அதுவே சுமந்துகொள்வதால் பின்னால் வரும் வினை ‘கோ’ என்று வெறுமனே நின்றால் போதும். ‘டிட் யூ ஈட்?’ என்ற கேள்விக்கும் இதே விதிதான்.

தமிழ் நம்மை வழி தவற வைக்கும் இடங்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது இன்னும் தொடரும் நிலையைச் சொல்வது. ‘மூன்று மாதமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலத்தில் அப்படியே ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ மந்த்ஸ்’ என்று சொல்ல முடியாது. ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ மந்த்ஸ்’ என்பதே சரி. கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய நாளையோ மாதத்தையோ சொன்னால் ‘சின்ஸ்’. வேலை நேர்முகத்திலும் மருத்துவரிடமும் இந்த ஒரு வடிவம் ஓயாமல் தேவைப்படும்: ‘மை நீ ஹேஸ் பீன் ஹர்ட்டிங் சின்ஸ் மண்டே’. இன்னொன்று, ‘போன வருடமே அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டபின் ‘ஹேவ்’ வராது, ‘ஐ சா ஹிம்’ என்பதோடு நிறுத்த வேண்டும்.

உச்சரிப்பையும் சேர்த்தே பழகுங்கள். ‘வாக்’ என்பதன் இறந்தகாலம் ‘வாக்ட்’ என்று ஒரே அசையில் முடிகிறது. நாம் வழக்கம்போல் கடைசியில் ஓர் உகரம் சேர்த்தாலோ, ‘வாக்கெட்’ என்று நீட்டினாலோ கேட்பவர் தடுமாறுவார். ‘வான்டட்’, ‘நீடட்’ போல மூலச்சொல் ஆங்கில t, d ஒலியில் முடிபவற்றுக்கு மட்டுமே கூடுதல் அசை உண்டு. ஒழுங்கற்ற வினைகளை அகரவரிசையில் படிப்பதைவிட ஒலியால் சேர்த்துப் படிப்பது எளிது: மாறாத ‘கட், புட், ஷட், ஹர்ட்’ ஒரு கூட்டம், ‘பாட், பிராட், தாட், டாட், காட்’ என்று ஒரே மாதிரி முடியும் ‘பை, பிரிங், திங்க், டீச், கேட்ச்’ இன்னொரு கூட்டம்.

சொற்களையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டாம். ‘அப்பாயின்ட்மென்ட்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும்; அதோடு ‘புக்’, ‘கேன்சல்’, ‘ரீஷெட்யூல்’ என்ற வினைகளையும் சேர்த்துப் படித்தால்தான் அது பயன்படும். மருந்துச்சீட்டுக்கு ‘ஃபில்’, உடல்நலமில்லை என்று வேலையிடத்துக்குத் தெரிவிக்க ‘கால் இன் சிக்’. ஊர்ப் பழக்கத்தில் நேர்முகத்தில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்று சொல்லிவிடாதீர்கள். அன்று நீங்கள் மயங்கி விழுந்ததாகத்தான் அவர்கள் நினைப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்றே சொல்லுங்கள்.

கைபேசிச் செயலிகளில் கோடிட்ட இடத்தை நிரப்புவது கண்ணுக்குத்தான் பயிற்சி, நாவுக்கு அல்ல என்பது என் கருத்து. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கடை, கோயில், வங்கி என எங்கும் தமிழிலேயே காரியம் முடிந்துவிடுவதால், பேசும் வாய்ப்பை நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. டொராண்டோ பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் இலவச ஆங்கில உரையாடல் வட்டங்கள் நடக்கின்றன. வீட்டிலோ, அன்று நடந்தவற்றை இரவில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி உரக்கப் படியுங்கள். மருத்துவமனைக்கோ வாடகை வீட்டு உரிமையாளருக்கோ தொலைபேசுமுன், சொல்லப்போகும் முதல் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி, வினைச்சொற்களுக்குக் கீழே கோடிட்டு, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு எண்ணை அழுத்துங்கள்.