ஹூப்பர் கடை இன்னும் ஹூப்பர் கடைதான்: இறந்த கதாபாத்திரத்தைத் தொடரில் எப்படித் தங்க வைத்தார்கள்?

நிலவழகி (கேள்வி):
சிறுவர் தொடர் எழுதும் குழுவுக்காகக் கேட்கிறேன். நடிகர் தவறிவிட்டால் நம் சீரியல்களுக்குத் தெரிந்தது இரண்டே வழி. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போடுவார்கள், இல்லாவிட்டால் சுவரில் மாலை போட்ட போட்டோ மாட்டுவார்கள். அமெரிக்கச் சிறுவர் தொடரான செசமி ஸ்ட்ரீட்டில், தெருவில் கடை வைத்திருந்த மிஸ்டர் ஹூப்பர் இறந்ததைச் சொல்லும் எபிசோடைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘பார்த்தால் அழுதுவிடுவீர்கள்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுத்தில் என்ன செய்தார்கள்? நாற்பது வருஷம் கழித்தும் அந்த ஆள் தெருவில் இருக்கிற மாதிரி தோன்றுவது எதனால்?

காட்சிப்பிழை:
ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பர் 7 அன்று மாரடைப்பில் இறந்தார். எபிசோட் ஒளிபரப்பானது 1983 நவம்பர் 24, அதாவது அமெரிக்காவின் நன்றி நவிலல் (Thanksgiving) நாளன்று. தேதியைத் தெரிந்தேதான் எடுத்தார்கள். விடுமுறை, பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், குழந்தை ஏதாவது கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் உண்டு. ஹூப்பர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லித் தப்பிக்கும் யோசனையும் முதலில் இருந்தது. அதைக் கைவிட்டு, குழந்தை உளவியல் தெரிந்தவர்களையும் சமயப் பெரியவர்களையும் கலந்துகொண்டு, நார்மன் ஸ்டைல்ஸ் எழுதினார்.

எழுத்துக்கு வருகிறேன். எபிசோடின் ஆரம்பத்திலேயே பிக் பேர்ட், அதாவது குழந்தை மனசுள்ள அந்தப் பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை, தலையைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்துவரும். ஏன் இப்படி நடக்கிறாய் என்று தெருவில் வசிக்கும் பெரியவர்களில் ஒருவரான கார்டன் கேட்டால், ‘சும்மாதான்’ என்கிற தினுசில் பதில். சிரித்துவிட்டுப் போய்விடுவோம். கடைசியில் அதே பிக் பேர்ட், ஹூப்பர் ஏன் போக வேண்டும், ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் என்று கேட்கிறது. கார்டனுக்கும் அந்த ‘சும்மா’வைத் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. நோய், முதுமை, ஆஸ்பத்திரி எதையும் காரணமாக இழுக்கவில்லை. இழுத்திருந்தால், அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததும் குழந்தை நடுங்கும். ‘தூங்கிவிட்டார்’, ‘தூரமாகப் போயிருக்கிறார்’ போன்ற மழுப்பலும் கிடையாது. இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள்.

செய்தியை உடைக்கிற விதமும் கவனிக்க வேண்டியது. பிக் பேர்ட் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகத்தை வரைந்த படத்தைக் கொடுத்துக்கொண்டே வரும், கடைசிப் படம் ஹூப்பருடையது. ஏற்கெனவே சொன்னோமே என்று பெரியவர்கள் நினைவுபடுத்துகிறார்கள். அதாவது சாவு நடந்து முடிந்துவிட்டது, பிக் பேர்டுக்கும் சொல்லியாகிவிட்டது, புரிவதுதான் இப்போது நடக்கிறது. சாவுக் காட்சி, சவப்பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. ஹூப்பர் வரும் பழைய காட்சிகளையும் வெட்டி ஒட்டவில்லை. வரமாட்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே அவர் பேசுவதைக் காட்டினால் சின்னப் பிள்ளைக்கு எது உண்மை?

எடிட்_மேசை:
மேலே சொன்னது அந்த ஒரு நாளைக்கு. நாற்பது வருஷம் தங்கியதற்குக் காரணம் வேறு: ஹூப்பர் பார்த்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். யார் எனக்கு மில்க் ஷேக் போட்டுத் தருவார்கள், யார் கதை சொல்வார்கள் என்று பிக் பேர்ட் கேட்கிறது. மில்க் ஷேக்குக்கு, கடையை ஏற்றுக்கொள்ளும் டேவிட் பொறுப்பேற்கிறான், மற்றவர்களும் நாங்கள் இருக்கிறோம் என்கிறார்கள். ஆனால் பழையபடி இருக்காது என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ கார்டில் இல்லாதது இந்த ஒப்புதல்தான்.

கடை டேவிட்டிடமும், தொண்ணூறுகளில் மிஸ்டர் ஹேண்ட்ஃபோர்டிடமும், 1998 முதல் ஆலனிடமும் என்று கைமாறியது. செட்டைப் புதுப்பித்தார்கள், பொருட்கள் மாறின, பெயர்ப்பலகையில் ஹூப்பர் பெயர் மட்டும் நின்றது. பிறகு பிறந்த குழந்தைகள் அவர் முகத்தையே பார்த்திராமல் ‘ஹூப்பர் கடை’ என்று சொல்லி வளர்ந்தார்கள். பிக் பேர்ட் வரைந்த அந்த ஹூப்பர் படமும் அதன் கூட்டுக்கு மேலேயே இருந்தது. யாரும் அதைக் காட்டி வசனம் பேசத் தேவையில்லை.

இன்னொன்று, பிக் பேர்டுக்குக் கடைசிவரை அவர் பெயர் வாயில் நுழையாது. ‘லூப்பர்’ என்றுதான் வரும், ஹூப்பர் திருத்துவார். அந்த எபிசோட் முடிவிலும் தப்பாகத்தான் சொல்கிறது. இப்போது திருத்துவது தெருவாசிகளில் ஒருவரான மரியா.

கூடல்_வாசி:
எல்லாம் சரி, ஆனால் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. டெய்லி சீரியலில் கையிருப்பு எபிசோட் தீர்வதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். எதிர்நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மயங்கிச் சரிந்து, அன்றே இறந்தார். ஆதி குணசேகரனைச் சாகடிக்க முடியாது, மருமகள்கள் எதிர்த்து நிற்பதே அந்த ஆளைத்தான். ஆளைக் காட்டாமல் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அக்டோபரில் வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள்.

அதில் இடித்தது நடிப்பு இல்லை. பார்த்தவர்கள் காதில் அந்த ‘இந்தாம்மா ஏய்’ அப்படியே உட்கார்ந்திருந்தது. குரல், இழுவை, நக்கல் மூன்றும் ஒருவரோடு ஒட்டிவிட்டால், அடுத்தவர் அதையே சொன்னால் மிமிக்ரி, சொல்லாவிட்டால் குணசேகரனே இல்லை. அதனால் ஆளை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முந்தையவரின் பஞ்ச் வசனத்தை முதல் ஐம்பது எபிசோடுக்காவது புதியவருக்கு எழுதாதீர்கள் என்பேன். வீட்டில் மற்றவர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்களா, சாப்பாட்டை யார் பரிமாறுகிறார்கள் என்பதை மட்டும் மாற்றக் கூடாது. பாத்திரத்தின் அதிகாரம் சுற்றி இருப்பவர்கள் உடம்பில்தான் தெரியும்.

நிலவழகி:
எங்களுடையது தாத்தா பாத்திரம், மாற்றப் போவதில்லை. அப்படியென்றால் பிளாஷ்பேக் கூடவே கூடாதா?

எடிட்_மேசை:
ஆறேழு வயதுக்குக் கீழே பார்க்கிறவர்கள் என்றால் வேண்டாம். பெரியவர்கள் பார்ப்பது என்றாலும் சாவு தெரிவிக்கும் எபிசோடில் வேண்டாம், பழைய காட்சிகளைக் கோத்த மான்டேஜ் வந்ததுமே ‘சரி, முடிந்தது’ என்று பார்ப்பவர் மனசு கணக்கை முடித்துவிடும். அதற்குப் பதிலாகத் தாத்தா செய்துவந்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள். ரேடியோவுக்கு ஸ்டேஷன் பிடிப்பது, சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி நான்கைந்து தேறும். ஒன்றை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும், ஒன்றை இன்னொருவர் தப்பும் தவறுமாகச் செய்யட்டும், ஒன்றை யாருமே செய்யாமல் விடுங்கள். விட்ட அந்த ஒன்றுதான் பின்னால் கதைக்கு உதவும்.

ப்ராப்பர்ட்டி_ராஜா:
போட்டோ மாட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஆர்ட் டிபார்ட்மென்ட் பக்கமிருந்து சில விஷயம். ஃபிரேமில் கண்ணாடி போடாதீர்கள், எந்தக் கோணத்தில் வைத்தாலும் லைட் அடிக்கும். பளபளப்பில்லாத மேட் பிரிண்ட் போதும். பூமாலை வேண்டாம், காலையில் எடுத்த காட்சிக்கும் மாலையில் எடுத்ததற்கும் வாடல் வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்க, அதாவது கண்டினியூட்டிக்கு, சந்தன மாலை நல்லது. ஒரே அளவில் இரண்டு பிரிண்ட் எடுத்து வையுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். நடிகரின் குடும்பத்திடம் எந்தப் படம் என்று காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட, மாட்டும் இடம். ஹாலில் நடுச்சுவரில் மாட்டினால் ஒவ்வொரு காட்சியிலும் பின்னால் தெரியும், கல்யாணப் பேச்சு, காமெடி எல்லாவற்றிலும். பத்து நாளில் கேமராமேனே கழற்றச் சொல்லுவார். தாத்தா உட்காரும் மூலையில், அவர் நாற்காலிக்கு மேலே மாட்டுங்கள், நாற்காலியைச் செட்டிலிருந்து எடுக்காதீர்கள்.