"ரத்தம் கெடச்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்ட அந்த எண்

வண்ணார்பேட்டைக்காரன்:
மூணு வருஷம் ஆகப்போகிறது, அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் மனை விற்கிற கம்பெனி, அதில் போன் பேசுகிற வேலை எனக்கு. நாங்குநேரி பக்கம் பிளாட், தவணை உண்டு, ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், மத்தியானச் சாப்பாடு எங்கள் செலவு, இதையே ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரிடம் சொல்ல வேண்டும். டேட்டா காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஃபைல் பேரிலேயே 'கிளீன்' என்று போட்டிருக்கும், டிஎன்டி எண்களை, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்தவர்களின் எண்களை எல்லாம் எடுத்தாச்சு என்று அர்த்தம். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. விளம்பர அழைப்புக்கென்று ஒதுக்கிய, 140 என்று ஆரம்பிக்கிற எண்ணில் இருந்து கூப்பிட்டால் ஜனம் எடுக்காது என்று ஆளுக்கு ஒரு சாதா சிம் கொடுத்திருந்தார்கள்.

பதினொரு மணி இருக்கும். முதல் ரிங்கு பாதிகூட அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஒரு அம்மா, "ரத்தம் கெடச்சிட்டா அண்ணாச்சி? எங்க வரணும் சொல்லுங்க, ஐகிரவுண்டு வாசல்லதான் நிக்கேன்" என்றார். பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியைத்தான் ஐகிரவுண்டு என்போம். எனக்கு முன்னால் பேச வேண்டியதை எழுதி ஒட்டிய தாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் அதையே, "வணக்கம் மேடம், நாங்க..." என்று ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யய்யா, காலையில இருந்து இது அஞ்சாவது போனு. இந்த மாதிரி வரக்கூடாதுன்னுதானே என் மவன் அதுல பதிஞ்சு குடுத்தான். ஒவ்வொண்ணையும் ரத்தம் குடுக்க வாறவங்கன்னு நெனச்சுல்ல எடுக்கேன்." திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மத்தியானம் அந்த ஃபைலைத் தோண்டிப் பார்த்தேன். டிஎன்டி எண்களைக் கடைசியாகச் சலித்து எடுத்தது எட்டு மாதத்துக்கு முன்னால்.

கல்லிடைக்குறிச்சி மருமகள்:
உங்கள் ஃபைலாவது பழசு. நான் பார்த்தது அன்றைக்குச் சலித்த ஃபைல், அதிலேயே தப்பு. நான் போன் பேசினது முறையாகப் பதிவு செய்த இடம்தான், விளம்பரம் செய்கிறவர்கள் பதிய வேண்டிய டிஎல்டி தளத்தில் எல்லாம் இருந்தது, 140 எண்ணில்தான் கூப்பிடுவோம். கடையில் இருந்து வந்த லிஸ்டில் எண்கள் 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாக இருந்தன. எக்ஸெல்லில் இவ்வளவு நீள எண்ணைப் போட்டால் அது 9.19 என்று ஆரம்பித்து நடுவில் ஒரு இ போட்டுச் சுருக்கிக் காட்டும், பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கினது சுருங்கினதுதான், திரும்ப விரித்தால் 91 போக முதல் நாலு இலக்கம் மட்டும்தான் மிஞ்சும், பின்னால் ஆறும் சைபர். இப்படி நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே எண்ணாக ஆகிவிட்டார்கள். சலித்துப் பார்த்தோம், அந்த ஒரு எண் டிஎன்டியில் இல்லை, ஆக எல்லா வரியும் பாஸ். எட்டு பெண்கள் உட்கார்ந்து ஒரே மனுஷரை மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பணம் கொடுத்து ஃபேன்சி நம்பர் வாங்கினவர் போல, ஒரு பெரியவர். பதினேழாவது தடவை என் பக்கத்தில் இருந்த பிள்ளைதான் கூப்பிட்டாள். அவர், "தாயி, நான் வயல்ல நிக்கேன், கையெல்லாம் சேறு, ஒவ்வொரு தடவையும் வாய்க்கால்ல கை கழுவிட்டு வந்து எடுக்கேன், என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாராம். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். அன்றில் இருந்து டேட்டா கைக்கு வந்தால் சலிப்பதற்கு முன்னால் மூணு விஷயம் பார்க்கிறேன். பத்து இலக்கம் இருக்கிறதா, ஆறில் இருந்து ஒன்பதுக்குள் ஆரம்பிக்கிறதா, ஒரே எண் ரெண்டு தடவை வருகிறதா. 0462 என்ற திருநெல்வேலி கோடு போட்ட வீட்டு போன்களைத் தனியாக எடுத்து வைப்பேன், அதிலும் டிஎன்டி உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பத்தமடைப் பொண்ணு:
முதலில் எழுதிய அண்ணன் மேல் எனக்கு வருத்தம். 'யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை' என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். சாதா சிம்மில் கூப்பிடுவது எதற்காக என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பக்கம் நிற்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார், தெரியாத எண் வந்தால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. டிஎன்டி போட்டு நாலு வருஷம், லோன் வேணுமா என்று வந்துகொண்டேதான் இருக்கிறது, எல்லாம் பத்து இலக்கத்துச் சாதாரண எண்ணில் இருந்துதான். லிஸ்டைச் சலிக்கிற சட்டம் சலிக்கிறவர்களுக்குத்தானே? சலிக்காமலே கூப்பிடுகிறவனை என்ன செய்யும்?

ஒரு தடவை, இந்த மாதிரி அழைப்புகளைப் பற்றிப் புகார் கொடுக்கிற 1909 எண்ணுக்குப் புகார் அனுப்பினேன், நாலாவது நாள் அனுப்பியதால் தள்ளிவிட்டார்கள், மூணு நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம். அந்த நாலு நாளும் மாமியார் ஆஸ்பத்திரியில். கல்லிடைக்குறிச்சி அக்கா, நீங்கள் எழுதின பெரியவர் மாதிரிதான் நாங்கள் எல்லோரும், கையைக் கழுவிவிட்டு ஓடி வருகிறோம்.

பாளை ஓய்வூதியர்:
எனக்கு நடந்தது சின்னது. பேத்திக்குப் புது சிம் வாங்கிக் கொடுத்தேன், முதல் நாளே யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி வண்டிக் கடன் தவணை கேட்டார்கள், பிள்ளை பயந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் தொலைபேசித் துறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன். மகளே, இப்போது மூணு நாள் இல்லை. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் திருத்தம் கொண்டுவந்தது, ஏழு நாளைக்குள் புகார் கொடுக்கலாம். பதிவு செய்யாத ஆள் கூப்பிட்டால் நீ டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, புகார் எடுத்தே ஆக வேண்டும். பத்து நாளில் ஐந்து பேர் ஒரே எண்ணைப் பற்றிப் புகார் செய்தால் நடவடிக்கைக்கு அது போதும். அதனால் நீ மட்டும் அனுப்பாதே, தெருவில் யாருக்கெல்லாம் அதே எண்ணில் இருந்து வந்ததோ அவர்களையும் அனுப்பச் சொல். முதல் தடவை அவனுடைய வெளிச்செல்லும் அழைப்பைப் பதினைந்து நாள் நிறுத்துவார்கள், மறுபடியும் செய்தால் இணைப்பே போகும்.

இனி கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு. எண் என்பது ஆள் இல்லை. ஒரு எண்ணை ஒருவர் விட்டுவிட்டால் 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம், என் பேத்திக்கு வந்தது அப்படித்தான். அதனால் போன வருஷம் ஒருவர் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷம் கூப்பிட்டால் எடுப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. டிஎன்டியிலும் முழுசாகத் தடுப்பது உண்டு, பிரித்துத் தடுப்பதும் உண்டு. வங்கி, மனை, கல்வி, மருத்துவம் என்று வகை வகையாக இருக்கிறது. மனை விளம்பரத்தைத் தடுத்தவருக்குக் கல்வி விளம்பரம் போகலாம். ஆக ஒரு வேலைக்குச் சலித்த லிஸ்டை இன்னொரு வேலைக்கு எடுக்கவே கூடாது. விளம்பரத்துக்கு 140, வங்கி மாதிரி இடங்களின் சேவை அழைப்புக்கு 1600 என்று வரிசை பிரித்ததே, எடுக்கலாமா வேண்டாமா என்று எண்ணைப் பார்த்ததும் ஜனம் முடிவு செய்யத்தான். 140ஐ யாரும் எடுப்பதில்லை என்பதால் அதை விட்டுவிட்டுச் சாதா சிம் எடுப்பது, கதவைச் சாத்தினவர் வீட்டுக்குப் புறவாசல் வழியாக வருவது மாதிரி. நான் வேலையில் இருந்த காலத்தில் 2011 செப்டம்பரில் இந்தக் கட்டுப்பாடு முதல் தடவையாகக் கடுமையாக வந்தபோது ஜனங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். இன்னும் எழுதலாம், கண் வலிக்கிறது.

களக்காட்டு வாழை:
ஐயா சொன்னதில் சம்மதம் என்ற இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. எண் கைமாறுவது இருக்கட்டும், என் எண் கைமாறவே இல்லை. டிராக்டர் விலை கேட்கப் போனேன், வாசலில் ஒரு நோட்டில் பேரும் நம்பரும் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். எதற்கு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு வருஷமாக இன்சூரன்ஸ்காரரும் கூப்பிடுகிறார், நகைக்கடன்காரரும் கூப்பிடுகிறார், கேட்டால் "நீங்க சம்மதம் குடுத்திருக்கீய சார்" என்கிறார்கள். வாழை சாய்ந்து கிடந்த அன்றைக்கு, காற்றடித்த மறுநாள், இப்படி ஒரு போன் வந்தது. நோட்டில் எழுதினது சம்மதமா?

வண்ணார்பேட்டைக்காரன்:
பத்தமடைத் தங்கச்சி சொன்னது சரி. தெரிந்தேதான் இருந்தேன், சம்பளம் வேண்டி இருந்தது.

அன்றைக்கு நடந்ததில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா எண்ணுக்கு மஞ்சள் அடித்து, 'கூப்பிடக் கூடாது' என்று பக்கத்தில் எழுதி, சாயங்காலம் மேனேஜரிடம் ஃபைலைக் கொடுத்தேன். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றார். மஞ்சள் அடித்த எண்களைச் சேர்த்து வைக்க அங்கே தனி லிஸ்டு எதுவும் இல்லை, காலையில் வேறு இடத்தில் இருந்து வேறு ஃபைல் வரும். அடுத்த வாரம் என் பக்கத்து நாற்காலிப் பையன் டயல் பண்ணும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தேன், அதே எண். கடைசி நாலு இலக்கம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "கட் பண்ணுலே" என்று அவன் கையைப் பிடித்தேன். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள், முதல் ரிங்கிலேயே.