பழத்தை வீட்டிலேயே காயவைத்துக் கொடுக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈசூன்_மருமகள்:

வணக்கம். வீட்டில் தொடக்கநிலை 4 படிக்கும் பையன், மூன்று வயதுப் பெண், நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் மாமனார். சாயங்காலம் நாலு மணி ஆனால் மூன்று பேருக்கும் கொறிக்க ஏதாவது வேண்டும். பேரங்காடியில் விற்கும் உலர்ந்த மாம்பழப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், மாம்பழத்துக்கு அடுத்த பெயரே சர்க்கரை. அதற்குப் பிறகு 220, 223 என்று எண்கள். விலையும் கையைக் கடிக்கிறது.

மாமியார் மன்னார்குடிக்காரர். "தாம்பாளத்துல பரப்பி, வெள்ளைத் துணி கட்டி வெயில்ல வை, மூணு நாள்ல காஞ்சிடும்" என்கிறார். எங்கள் வீடு சிங்கப்பூரில் 11வது மாடி. தாழ்வாரத்தில் மூன்று மணிக்கு மேல்தான் வெயில் வரும், அதுவும் இரண்டு மணி நேரம். கணவர் காயவைக்கும் மெஷின் வாங்கலாம் என்கிறார். எனக்கோ வீட்டில் கேக் சுடும் அவன் (oven) இருக்கும்போது இன்னொரு பெட்டி எதற்கு என்று தோன்றுகிறது. ஆனால் எங்கள் அவனில் குறைந்த சூடே 100 டிகிரி.

வெயிலா, அவனா, மெஷினா? காய்ந்த பிறகு வெளியே வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

பொங்கோல்_அப்பா:

மெஷின் வாங்குவதற்கு முன் உங்கள் ஏர் ஃபிரையரில் 60 டிகிரி இருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் இருக்கிறது. ஆப்பிள், வாழைப்பழத்துக்கு அதுவே போதும். ஒரு தொல்லை, பாதி காய்ந்ததும் துண்டுகள் இலேசாகிப் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

வாழைப்பழம் கடை சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பாக வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். அது எண்ணெயில் பொரித்தது. நாம் காயவைப்பது மென்று தின்கிற மாதிரிதான் வரும். என் மகள் முதலில் முகம் சுளித்தாள், இப்போது டப்பாவை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.

அமோகியோ_பாட்டி:

மருமகளே, உன் மாமியார் சொல்றது மன்னார்குடிக்குச் சரி. இங்க ஒத்துவராது. நம்ம ஊர்ல வெயிலுக்குப் பஞ்சம் இல்ல, காத்துதான் ஈரம். மழை இல்லாத நாள்லயே மத்தியானம் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கினா பெரிசு. விடியக்காலையில 90க்கு மேல. பகல்ல பழம் விட்ட தண்ணிய ராத்திரி திரும்பக் குடிச்சிடும். மூணாம் நாள் பார்த்தா ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கும். அதோட தாழ்வாரத்துல புறா, எறும்பு, புகைமூட்டம் வந்தா அது வேற.

100 டிகிரி அவனும் வேண்டாம். அந்தச் சூட்டுல மேல்தோல் சட்டுனு இறுகிப்போயிடும், உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நாலு நாள்ல உள்ளேருந்து கெடும். 60 டிகிரி, விடாம ஓடுற காத்து, இது ரெண்டும்தான் வேணும். அவன்ல அது கிடைக்காது, அதனால என் ஓட்டு உன் வீட்டுக்காரருக்கு. கரண்டுக்குப் பயப்படாதே. என் மெஷின் 350 வாட். எட்டு மணி நேரம் ஓடினா 2.8 யூனிட். யூனிட்டுக்கு 30 காசுனு வெச்சாலும் ஒரு வெள்ளிக்குள்ளதான். பெரிய செலவு பழம். ஒரு கிலோ மாம்பழச் சதை காஞ்சா 200 கிராம் பக்கம்தான் தேறும். அதனால பழம் மலிவா கிடைக்கிற வாரத்துல மட்டும் போடு.

நறுக்குறதுதான் பாதி வேலை. அரை சென்டிமீட்டர் கனம், எல்லாம் ஒரே மாதிரி. ஒண்ணு தடியா ஒண்ணு மெல்லிசா இருந்தா, மெல்லிசு கருகும், தடிசு ஈரமா நிக்கும், ரெண்டையும் ஒரே பாட்டில்ல போட்டா எல்லாத்தையும் அது கெடுத்துடும். வாழைப்பழம், ஆப்பிள் ரெண்டும் கறுக்கும். எலுமிச்சைச் சாறும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து அதுல கொஞ்ச நேரம் ஊறவெச்சு எடு. அன்னாசிக்கு அது வேண்டாம், அதுலயே புளிப்பு இருக்கு. சர்க்கரை எதுக்கும் வேண்டாம். நல்லா பழுத்ததா பார்த்து வாங்கினா போதும், பழத்து இனிப்பு அஞ்சு மடங்கா திரண்டு நிக்கும்.

ஆறவைக்கிறதுலதான் இங்க நிறைய பேருக்குக் கெட்டுப்போகுது. சூட்டோட பாட்டில்ல அடைச்சா உள்ள வேர்த்துடும். சமையல்கட்டுல ராத்திரி முழுக்க ஆறவிட்டா காத்து ஈரத்தை இழுத்துக்கும். நான் தட்டோட ஏர்கான் அறைக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். ஏர்கான் காத்துல ஈரம் கம்மி. அரை மணி நேரத்துல ஆறிடும், உடனே கண்ணாடி பாட்டில்ல முக்கால் அளவுக்கு மட்டும் போட்டு மூடு. ஒரு வாரம் தினமும் ஒரு குலுக்கு குலுக்கு. உள்பக்கம் ஒரு முத்துத் தண்ணி தெரிஞ்சாலும் திரும்ப மெஷினுக்கு. பூஞ்சை தெரிஞ்சா அந்தத் துண்டை மட்டும் எடுத்துப்போட்டு மிச்சத்தைத் தின்னாதீங்க, பாட்டிலோட குப்பை.

வெளிய எத்தனை நாள்னு கேட்டியே. குலுக்குற அந்த ஒரு வாரம்தான் என் வீட்ல வெளிய. அப்புறம் குளிர்பெட்டி. உங்க வீட்ல நாலு மணிக்கு மூணு பேர் நிக்கிறாங்க, எங்க மிஞ்சப்போகுது!

ஈசூன்_மருமகள்:

பாட்டி, இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "போன வருஷம் இதே தாழ்வாரத்துலதானே மோர்மிளகாய் போட்டேன், அது மட்டும் எப்படிக் காஞ்சுதாம்?" என்று கேட்கச் சொன்னார்.

அமோகியோ_பாட்டி:

நல்லா கேட்டாங்க உன் அத்தை. மோர்மிளகாய்ல உப்பும் இருக்கு, மோர்ப் புளிப்பும் இருக்கு. நாலு நாள் இழுத்தாலும் அது ரெண்டும் காவல் காக்கும். சுண்டக்காய் வத்தல், மாங்காய் வத்தலுக்கும் உப்புதான். வெறும் மாம்பழத்துக்கு அந்தக் காவல் இல்ல, காயறதுக்கு முந்தியே பூஞ்சை வந்து உக்காந்துடும். மோர்மிளகாயை அவங்க வெயில்லயே போடட்டும், எனக்கும் ஒரு டப்பா அனுப்பச் சொல்லு.

மூணு வயசுக்குத் துண்டு போடாதே, மெல்லத் தெரியாம தொண்டையில சிக்கும். மாம்பழத்தை அரைச்சு, துளி எலுமிச்சை விட்டு, பேக்கிங் தாள்ல மூணு மில்லிமீட்டர் கனத்துல தடவு. ஓரம் சீக்கிரம் காயும், அதனால ஓரத்துல கொஞ்சம் தடியா இருக்கட்டும். நடுவுல விரல் வெச்சு அழுத்தினா தடம் விழக் கூடாது, அதுதான் பதம். கத்தரிக்கோலால மெல்லிசா நாடா நாடாவா வெட்டி, உக்காரவெச்சு, நீ பார்த்துக்கிட்டே இருக்கும்போது கொடு.

ஜூரோங்_தாதி:

மாமனாரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சர்க்கரை சேர்க்காததால் அவருக்கு இது தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் பச்சைத் திராட்சையில் சர்க்கரை சுமார் 16 கிராம், அதே எடை உலர்திராட்சையில் 60 கிராம் பக்கம். தண்ணீர் போனது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி உலர்திராட்சை சாப்பிட்டால் ஒரு சிறிய பழம் சாப்பிட்ட கணக்கு. அவருக்கு டப்பாவை நீட்டாமல் தனியாக அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், வறுத்த கடலை கொஞ்சம் சேர்த்து. கிளினிக்கில் அடுத்த முறை கேட்டும் வந்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் நாள் முழுக்க கொறிக்கக் கொடுக்காதீர்கள், பல்லில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நாலு மணிக்கு ஒரே தடவை, பிறகு தண்ணீர்.

நீங்கள் பார்த்த 220, 223 இரண்டும் கந்தகச் சேர்மானங்கள், நிறம் மாறாமல் இருக்கப் போடுவது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பு வரவைக்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இங்கே பொட்டலத்தில் போட்டாக வேண்டும். வீட்டில் போட்டது பழுப்பாகத்தான் இருக்கும். பையன் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் அன்னாசியில் ஆரம்பியுங்கள், அது மஞ்சளாகவே நிற்கும்.

ஈசூன்_மருமகள்:

மெஷினுக்கு ஒப்புக்கொண்டேன், கணவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. பாட்டி, இதற்கு எந்த மாம்பழம்?

அமோகியோ_பாட்டி:

பங்கனப்பள்ளி. நார் கம்மி, சதை நிறைய. தேக்கா சந்தையில ஏப்ரல், மே மாசம் பெட்டியோட வாங்கு. அல்போன்சாவைக் காயவைக்காதே, அந்த விலைக்கு அதை அப்படியே சாப்பிடணும்.